எவ்வளவு பிந்தலாம்

கணக்கில் நான் கெட்டிக்காரன் என்று வாவியின் மேற்குக் கரையான எங்கள் படுவான்கரையில் ஒரு கதை உலாவியது. கதையைக் கட்டிவிட்டவன் நானே என்பதால் அதில் எத்தனை பங்கு காற்று என்பது எனக்குத் தெரியும். வாவிக்கு அந்தப் பக்கம், பட்டணத்து இங்கிலீசுப் பள்ளிக்கூடத்தில் படித்து, சீனியர் சோதனையில் தேறி, கணக்குக்கு நல்ல சித்தியும் வாங்கிக்கொண்டு தோணியேறி வீடு வந்தவன் நான். அதன்பிறகு ஊரில் யார் கூரை வேய்ந்தாலும் எத்தனை கிடுகு வேண்டும் என்று என்னிடம்தான் கேட்டார்கள். நான் கண்ணை மூடுவேன், உதட்டை அசைப்பேன், ஒரு தொகை சொல்வேன். கிடுகு மிஞ்சினால் என் முன்யோசனையை மெச்சினார்கள். குறைந்தால் வேய்ந்தவனை ஏசினார்கள். இப்படி ஓர் உத்தியோகம் இருக்கும்போது வேறு உத்தியோகம் எதற்கு என்று இரண்டு வருஷம் வீட்டோடு இருந்துவிட்டேன்.

அப்பாவுக்குத்தான் அது பொறுக்கவில்லை. அவர் சின்னப் போடியார். போடியார் என்றால் வயல் நிலம் உள்ளவர். சின்னப் போடியார் என்றால் நிலம் இருந்தும் நித்திரை இல்லாதவர். என்னை எஞ்சினியராக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். அவருக்கு எஞ்சினியர் என்பவர் பாலம் கட்டுகிறவரும் அல்ல, ரோட்டுப் போடுகிறவரும் அல்ல. ஆத்துவாய் வெட்ட உத்தரவு கொடுக்கிறவர்.

அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். ஓடாத ஆறு. கடலோடு அது சேருகிற இடம்தான் ஆத்துவாய்; அதை வெயில் காலத்தில் மணல் மேடு அடைத்துவிடும். மாரியில் மேற்கிலிருந்து வருகிற வெள்ளமெல்லாம் இதற்குள் வந்து விழும்; வெளியே போக வழி இராது. அந்த மணலை மனிதர் வெட்டிவிட்டால்தான் தண்ணீர் கடலுக்குப் போகும். வெட்டாவிட்டால் அது வட்டை என்று நாங்கள் சொல்லும் வயல்வெளிகளுக்குள் ஏறிவந்து எல்லாவற்றையும் வாவியாக்கிவிடும். மணலை வெட்ட ஆளும் உண்டு, மண்வெட்டியும் உண்டு. உத்தரவுதான் பட்டணத்து எஞ்சினியர் கந்தோரிலிருந்து வரவேண்டும். நீர்மட்டம் பார்க்க ஒரு தூணில் சிவப்புக் கோடு ஒன்று அடித்திருந்தார்கள். தண்ணீர் கோட்டைத் தொட்டால் வெட்டலாம். தொடாவிட்டால், இப்போது வெட்டினால் உப்புத் தண்ணீர் உள்ளே ஏறிவிடும், பொறுங்கள் என்பார்கள். ஒவ்வொரு மாரிக்கும் அப்பா நனைந்துகொண்டு பட்டணம் போவார், மற்றப் போடிமாரோடு கந்தோர் விறாந்தையில் நிற்பார், நனைந்துகொண்டு திரும்பி வருவார்.

"கோட்டுக்கு இன்னும் நாலு விரக்கடை கிடக்காம்" என்பார் அம்மாவிடம். "அந்தாளுக்குக் கோடு தாழல்ல. நமக்கு வட்டை தாண்டுபோச்சு."

பிறகு என்னைப் பார்ப்பார். "அந்தக் கதிரையில நம்மட ஒருத்தன் இருக்கோணும் மனே."

எஞ்சினியர் உட்காரும் அந்தக் கதிரைக்காகக் கொழும்பில் எஞ்சினியர் படிப்புச் சொல்லிக்கொடுக்கும் கல்லூரி ஒன்றுக்கு எழுதிப் போட்டோம். பதில் வந்தது. உமது கணக்குச் சித்தி நல்ல சித்திதான், ஆனால் பழையது. இவ்வளவு பழைய சித்தியை வைத்துக்கொண்டு உம்மை எந்த வகுப்பில் இருத்துவது என்று எமக்குத் தெரியாது. ஆகவே தரம் பார்க்கும் சோதனை ஒன்றுக்குத் தோற்றவும் என்று சொல்லியிருந்தார்கள். பால்தான் திரியும் என்று நினைத்திருந்தேன். கணக்கும் இரண்டு வருஷம் மூடிவைத்தால் திரிந்துவிடும் என்பது அன்றுதான் தெரிந்தது.

சோதனையில் நல்ல புள்ளி எடுத்தவர்கள் நேரே முதலாம் வருஷத்துக்குப் போகலாம். கொஞ்சம் குறைந்தவர்கள் ஆயத்த வகுப்பு என்று ஒரு வருஷம் இருந்து, மறந்ததைத் திரும்பப் படித்துவிட்டு வரவேண்டும். அதற்கும் கீழே உள்ளவர்கள் வீட்டில் இருக்கலாம். எனக்கு இதில் ஒரு சிக்கல் இருந்தது. முதலாம் வருஷத்தில் சேர ஒரு வயதெல்லை வைத்திருந்தார்கள். ஆயத்த வகுப்பில் ஒரு வருஷம் போய்விட்டால் நான் அந்த வயதைத் தாண்டிவிடுவேன். அதாவது, ஆயத்த வகுப்பில் எனக்கு இடம் உண்டு. ஆயத்தமான பிறகு இடம் இல்லை. பந்தியில் இலை போட்டு, தண்ணீரும் தெளித்துவிட்டு, சோறு முடிந்துவிட்டது என்று சொல்வதுபோல. ஏன் இப்படி ஒரு விதி என்று கேட்க வேண்டாம். வகுப்புகளைப் பற்றி எழுதினவர் ஒருவர், வயதைப் பற்றி எழுதினவர் வேறொருவர். இரண்டு பேரும் பேச்சுவார்த்தை இல்லாதவர்களாக இருக்க வேண்டும். ஆகவே எனக்கு இருந்தது முதலாம் வருஷம் மட்டும்தான். அது தவறினால் கிடுகு.

படிக்கத் தொடங்கினேன். வயல் காவல் வாடியில் இருந்து கிளி விரட்டிக்கொண்டே லொக் வாய்ப்பாடு பாடமாக்கினேன். வாய்ப்பாட்டைச் சோதனைக்குக் கொண்டுபோகலாம், பாடமாக்கத் தேவையில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் பாடமாக்கினால் படிப்பதுபோல இருக்கும். அம்மா அதை ஏதோ மந்திரம் என்று நினைத்துச் சத்தம் போடாமல் நடந்தாள். இன்னும் என்னென்ன படிக்க வேண்டும் என்று ஒருநாள் கேட்டாள்.

"அட்சரகணிதம், கேத்திரகணிதம், திரிகோணகணிதம்" என்றேன்.

"திரிகோணமோ? அது திருகோணமலை ஆக்களுக்குத்தானே. நமக்கும் கேப்பாங்களா?"

"கேப்பாங்க அம்மா. கொழும்பானுக்கு ரெண்டும் ஒரே பக்கம்தான்."

சோதனை மார்கழியில் வந்தது. மழையும் அதே கிழமை வந்தது.

அந்தக் கிழமையைப் பற்றி எழுத உட்காரும்போதெல்லாம் கை சிரிக்க ஒரு பகிடியைத் தேடுகிறது. அகப்படுவதில்லை. விடாமல் பெய்தது. அப்பா பட்டணம் போய் வந்து நாலு விரக்கடை என்றார். இன்னொருமுறை போய் வந்து ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு உத்தரவு வந்தது, வாயை வெட்டினார்கள், தண்ணீர் வந்த வழியே போயிற்று. நானும் அப்பாவும் வரம்பு வழியே போய்ப் பார்த்தோம். கதிர் இன்னும் வெளிவராமல் குடலைப் பருவத்தில் நின்ற வேளாண்மை. எங்கள் பக்கத்தில் நெற்பயிரைத்தான் வேளாண்மை என்போம். அது முழுக்க ஒரே பக்கமாக, சீப்பால் வாரிவிட்ட தலைமயிர்போலப் படுத்துக் கிடந்தது. மேலே சேறு பூசியிருந்தது. அப்பா ஒரு பயிரைப் பிடுங்கி, நகத்தால் குடலையைக் கீறி உள்ளே பார்த்தார். கீழே போட்டார். இன்னொன்றைப் பிடுங்கவில்லை.

வீட்டில் யாரும் அழவில்லை. அம்மா சமைத்தாள், நாங்கள் சாப்பிட்டோம். உப்புக் கூடியிருந்ததா, குறைந்திருந்ததா என்று கேட்டால் இன்றைக்கும் தெரியாது. அயலில் சாவு விழுந்தால்கூட ஒரு பகிடி விட்டுப் பெரியவர்களிடம் ஏச்சு வாங்குகிறவன் நான். அந்த நாட்களில் என்னை யாரும் ஏசவில்லை. மனம் நெடுநேரம் மடக்கிவைத்த கால்போல மரத்துக் கிடந்தது. கிள்ளினால் கிள்ளுவது தெரிந்தது, நோவு தெரியவில்லை.

சோதனையன்று காலை அப்பா துறைவரைக்கும் கூட வந்தார். தோணிக்காரர் அவரைக் கண்டதும் கேட்டார்:

"போடியார், வட்டை எப்பிடி?"

"கிடக்கு."

"தம்பி எங்க போறார்?"

"எஞ்சினியருக்கு."

"இப்பவே போறாரா?"

"இல்ல. போகலாமா எண்டு கேட்டிட்டு வரப் போறான்."

தோணிக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கோலை ஊன்றினார். அப்பா துறையில் நின்றார். கெட்டிக்காரத்தனமாய்ச் செய் என்றோ, கடவுளை நினைத்துக்கொள் என்றோ ஒன்றும் சொல்லவில்லை. தோணி நகர்ந்தபிறகு, "குடைய அங்கயே விட்டிட்டு வந்திராத" என்றார்.

எனக்குப் பயம் வரும் என்று எதிர்பார்த்துக்கொண்டே இருந்தேன். மறுகரையில் வராவிட்டால் பஸ்ஸில் வரும், பஸ்ஸில் வராவிட்டால் சோதனை மண்டப வாசலில் வரும் என்று நினைத்தேன். வாசலில் பயத்துக்குப் பதிலாகக் காத்தான்குடிக் கூட்டாளிதான் நின்றான். பள்ளிக்கூடத்தில் என் வாங்கில் பக்கத்தில் இருந்தவன். நான் கிடுகு எண்ணிய இரண்டு வருஷமும் அவன் தன் வாப்பாவின் துணிக்கடையில் சாறன் மடித்துக்கொண்டிருந்தான். அவனுடைய கணக்கும் என்னுடையதைப்போலவே திரிந்துபோனது என்று கல்லூரி சொல்லியிருந்தது.

"என்னடா மச்சான், முகத்துல ஒண்டுமே இல்ல?" என்றான்.

"எல்லாத்தையும் வெள்ளம் கொண்டுபோயிற்று."

"கணக்கையுமா?"

"அது பாரமான சாமான். அடியில கிடக்கும்."

அவன் சிரித்தான். நான் சிரித்தேனா என்று ஞாபகமில்லை.

பழைய அரசாங்கக் கட்டடம் ஒன்றின் மேல்மாடியில் எங்களை இருத்தினார்கள். கொழும்புக்குப் போகத் தேவையில்லாமல் வெளியூர்க்காரருக்கென்று வைத்த சோதனை. தலைமைக் கிளாக்கர் ஒருவர் காவலுக்கு நின்றார். யன்னல் சீலை நனைந்து தொங்கியது. கேள்விகள் இங்கிலீசில் இருந்தன. முதல் சில கேள்விகளைச் செய்தேன். கை தானாகச் செய்தது. உலக்கை பிடித்த கை நெல்லைப் பார்க்காமலே குத்துவதுபோல. பின்னப் பாகமும் அட்சரகணிதமும் முடிந்தன. பிறகு அந்தக் கேள்வி வந்தது.

ஒரு நீர்த்தேக்கம். அதற்குள் ஓர் ஆறு ஒரே வேகத்தில் விழுகிறது. மதகுக் கதவைச் சில்லுச் சுற்றி மெல்ல மெல்லத்தான் உயர்த்த முடியும். உயர உயர வெளியேறும் தண்ணீர் கூடும். சுவரில் ஒரு கோடு. தண்ணீர் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. ஆகவே, கதவை உயர்த்தத் தொடங்குவதற்கு எவ்வளவு நேரம் பிந்தலாம்?

திரும்பத் திரும்ப வாசித்தேன். இங்கிலீசு விளங்கியது; கேட்கிற ஆளைத்தான் விளங்கவில்லை. தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது, மதகு பூட்டிக் கிடக்கிறது, ஒரு மனிதன் கதிரையில் இருந்துகொண்டு இன்னும் எவ்வளவு நேரம் சும்மா இருக்கலாம் என்று கணக்குப் பார்க்கிறான். அப்படி ஒருவன் உலகத்தில் இருக்கிறான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அப்பா அவனுடைய விறாந்தையில் நின்றுவிட்டுத்தானே வந்தார். ஆனால் அதை ஒரு வித்தையாக எண்ணி, கல்லூரி வைத்து, பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்துச் சொல்லிக்கொடுப்பார்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை. ஆகவே இது ஒரு பொறி என்று முடிவு கட்டினேன். எஞ்சினியராக வருகிறவனுக்குக் கணக்கு மட்டுமா, புத்தியும் உண்டா என்று பார்க்கிறார்கள். மற்றவர்களெல்லாம் அவசரப்பட்டுச் சமன்பாடு போட்டு விழுவார்கள். நான் விழமாட்டேன்.

'பிந்தக் கூடாது. உடனே திறக்க வேண்டும்' என்று எழுதினேன். எழுதிவிட்டு நிறுத்தியிருந்தால் ஒரு கேள்வியோடு போயிருக்கும். நியாயம் சொல்லாமல் விட மனம் வரவில்லை. தண்ணீர் மேலே மட்டும் ஏறுவதில்லை, பக்கத்துக்கும் போகும் என்று எழுதினேன். தட்டையான நாட்டில் கோட்டில் ஒரு விரக்கடை என்பது வயலில் ஒரு வட்டை என்று எழுதினேன். குடலையில் நிற்கும் பயிர் எவ்வளவுதான் பொறுக்கும் என்று எழுதினேன். கோட்டை அடித்தவர் அதை எந்த மாதம் அடித்தார், அப்போது மழை பெய்ததா என்றும் கேட்டிருந்தேன் என்று ஞாபகம். என் வாழ்க்கையில் அவ்வளவு நல்ல இங்கிலீசு நான் அதற்கு முன்னும் எழுதவில்லை, பின்னும் எழுதவில்லை. கடதாசி முடிந்து இன்னொரு கடதாசி வாங்கினேன்.

தலைமைக் கிளாக்கர் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். குனிந்து வாசித்தார். மெல்லச் செருமினார்.

"தம்பி, இது கணக்குச் சோதனை."

"ஓம் ஐயா. கணக்குத்தான் எழுதுறன்."

"ஒரு இலக்கத்தையும் காணல்லயே."

"கடைசியில வரும் ஐயா."

கடைசியில் மணிதான் அடித்தது. திரிகோணகணிதக் கேள்விகள் நான் தொடாமல் புதுசாகக் கிடந்தன. அம்மா சொன்னதுபோலத் திருகோணமலைக்காரருக்கே விட்டுவிட்டு எழும்பினேன்.

விறாந்தையில் கூட்டாளி வந்து தோளைப் பிடித்தான்.

"மதகுக் கணக்கு உனக்கு எத்தினை வந்த? எனக்கு அஞ்சரை மணித்தியாலம்."

"நான் உடனே திறக்கச் சொல்லிட்டன்."

"உடனேயோ? அப்ப சைபரா?"

"ஓம். சைபர்."

அவன் சிரிக்கப் பார்த்தான், பிறகு என் முகத்தைப் பார்த்தான். "மச்சான், அவன் கேட்டது எவ்வளவு பிந்தலாம் எண்டு."

"அப்பிடி ஒருத்தன் கேப்பானா?"

"கேட்டிருக்கானே."

"உனக்கு அதுல ஒரு பிழையும் தெரியல்லயா?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "எங்கட கடைக்குள்ள ஆத்துத்தண்ணி வாறல்லயே மச்சான். எனக்குக் கணக்குத்தான் தெரிஞ்ச" என்றான்.

கடையில் பால் விடாத பிளேன்டி குடித்தோம். குடையை மறக்காமல் எடுத்துக்கொண்டு வீடு வந்தேன். எப்படிச் செய்தாய் என்று அம்மா கேட்டாள். செய்தேன் என்றேன். அப்பா கேட்கவில்லை. முடிவுக்காக நானும் காத்திருந்தேன் என்று சொல்ல முடியாது. காத்திருப்பதற்குக்கூட மனிதன் கொஞ்சம் விழிப்பாக இருக்க வேண்டும். நான் மாட்டுக்குச் செத்த பயிர் அறுத்துப் போட்டேன். மாடுகளும் அதை விருப்பமில்லாமல்தான் தின்றன.

முடிவை அரசாங்கக் கச்சேரியின் விறாந்தைப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டுக் கூட்டாளி தோணியேறி எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டான். செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, முழங்கால்மட்டும் சேற்றோடு முற்றத்தில் வந்து நின்றான். அப்பா மண்வெட்டிக்குப் புதுப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் குந்தியிருந்தேன்.

"போடியார், பலகையில போட்டிருக்காங்க."

"என்னவாம்?"

"எனக்கு முதலாம் வருசம்."

"நல்லது தம்பி. இவனுக்கு?"

கூட்டாளி செருப்பை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான். "ஆயத்த வகுப்பு."

அதன் பொருள் அப்பாவுக்குத் தெரியும். வயதெல்லையை நான்தான் அவருக்கு வாசித்துக் காட்டியிருந்தேன். ஆப்பை வைத்து ஒரு தட்டுத் தட்டினார்.

"சீனியர்ல நல்லாச் செய்தவன், இதுல என்னண்டு பிழை விட்ட?"

நான் மதகுக் கணக்கைச் சொன்னேன். மதகை ஆத்துவாய் ஆக்கி, சுவர்க் கோட்டைத் தூணில் உள்ள கோடாக்கி, அவருக்கு விளங்குகிற மாதிரிச் சொன்னேன். அப்பா தட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"நீ என்ன எழுதின?"

"உடனே திறக்கோணும் எண்டு எழுதினன்."

என் பிறவி முழுக்க அவர் வாயிலிருந்து நான் கேட்டிருந்த ஒரே நீர்ப்பாசன அறிவு அதுதான். அதை ஒன்றுவிடாமல் கொழும்புக்கு எழுதியனுப்பியிருக்கிறேன். மெச்சி மகனே என்பார் என்று ஏதோ ஒரு மூலையில் நான் நினைத்திருக்க வேண்டும்.

"ஆரடா உன்னைத் திறக்கச் சொன்ன?"

"நீங்கதானே அப்பா, ஒவ்வொரு மாரிக்கும்..."

"நான் விறாந்தையில நிண்டு சொல்றவன். நீ கதிரைக்குப் போன ஆள். அஞ்சரை எண்டு கேட்டா அஞ்சரை எழுதோணும். பத்து எண்டு கேட்டாப் பத்து எழுதோணும். உள்ளுக்குப் போறமட்டும் அவங்கட கணக்கு. போய் இருந்தாப்பிறகு நம்மட கணக்கு. அப்ப நீ முதல் மழைக்கே வெட்டியிருக்கலாம். உன்னை ஆர் கேக்கிற?"

குசினிக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது. "அவன் சரியாத்தானே எழுதியிருக்கான்."

"சரியா எழுதவா அனுப்பின?" என்றார் அப்பா.

கூட்டாளிக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. சேறு காய்ந்த தன் காலைப் பார்த்தான். அப்பா அவன் பக்கம் திரும்பினார். குரலில் கோபமில்லை.

"தம்பி, நீங்க படிச்சு எஞ்சினியராகி இஞ்ச வந்தா, எப்ப வெட்டுவீங்க?"

முதல் மழைக்கே என்று ஒரு பொய் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம் அவன். எங்கள் வீட்டு முற்றம், எங்கள் அப்பா, போகிற வழியெல்லாம் அழுகின பயிர். ஆனால் அவன் உண்மையாகவே யோசித்தான். சோதனையில் யோசித்ததுபோலவே யோசித்திருப்பான்.

"கோட்டப் பாத்துத்தான் போடியார்" என்றான். "வேற என்னத்தப் பாத்து வெட்டுற?"

அப்பா தலையை ஆட்டினார். "அதுதான் உங்கள எடுத்திருக்காங்க. இருங்க தம்பி, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

அம்மா தேத்தண்ணி கொண்டுவந்தாள். கூட்டாளி எந்த ரயிலில் போவது, கொழும்பில் எங்கே தங்குவது என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தான். அப்பாவும் தான் ஒருபோதும் போகாத ஊரைப் பற்றி அவனுக்கு இரண்டு புத்தி சொன்னார். ஆயத்த வகுப்புக்கு வருகிறேனா இல்லையா என்று நான் கல்லூரிக்கு எழுதவேண்டியிருந்தது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை. நான் எழுதவுமில்லை.

கூட்டாளி போனபிறகு அப்பா ஆப்பைக் கடைசியாக இறுக்கிவிட்டு மண்வெட்டியை என்னிடம் நீட்டினார்.

"பிடி ஆடுதா பாரு."

முற்றத்து ஈரமண்ணில் ஓங்கி ஒரு வெட்டு வெட்டிப் பார்த்தேன்.

"ஆடல்ல" என்றேன்.